நடந்தால் சுற்றும், உட்கார்ந்தாலும் சுற்றும்

மாசி மாதத்து முற்பகல். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் எங்கள் காட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், அதில் படர்ந்த கொடியிலிருந்து என் வீட்டுக்காரர் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்தபடி நான் நின்றேன்.

ஏணி என்றால் இரண்டு கால் ஏணி இல்லை. ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு பக்கக் கிளையைக் குட்டையாக விட்டு நறுக்கியிருப்பார்கள். அதில் கால் விரலை ஊன்றித்தான் ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் மூங்கிலின் தலையை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொள்வார். பறித்து முடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்குவார். கயிறு இல்லாத அந்தக் கொஞ்ச நேரம், அடியில் நிற்கிற ஆளின் கைதான் கட்டு. கல்யாணமான வருடத்திலிருந்து அந்த ஆள் நான்தான்.

"கவுத்த அவுத்துட்டேன், புடிச்சுக்க புள்ள" என்று குரல் வந்தது.

குரல் கேட்டது. எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. எனக்கு வலப் பக்கம், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டது போல இருந்தது. சட்டென்று அந்தப் பக்கம் தலையைத் திருப்பினேன். அவ்வளவுதான். முறத்தில் போட்டுப் புடைத்தது போலத் தரை என்னைத் தூக்கிப் போட்டது. விழாமலிருக்க கையில் இருந்ததை இறுகப் பற்றினேன். கையில் இருந்தது மூங்கில். நான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்க, அது என்னைத் தாங்க வேண்டியதாகிவிட்டது. என் கனத்துக்கு அது இடப் பக்கமாகச் சாய்ந்தது.

மேலே ஓர் அலறல். மூங்கில் காப்பிச் செடிகள் மேல் போய் விழுந்தது. நான் மண்டியிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்க்கப் பயம். பார்த்தால் மறுபடி சுற்றும். பார்க்காவிட்டால் அவர் எங்கே என்று தெரியாது.

அவர் விழவில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துவிட்டார். கொடியும் பட்டையும் உரச, நெஞ்சாலேயே வழுக்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தார். சட்டை கிழிந்து, நெஞ்சுத் தோல் வரிவரியாக உரிந்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாக்கிலிருந்து மிளகு பாதிக்கு மேல் கொட்டிப் போயிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

"தெரியலீங்க. தலை சுத்திருச்சு."

அதற்கு முன்பே சில விஷயங்கள் நடந்திருந்தன. போனை இடது காதில் வைத்தால் மகள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். சேலத்தில் அவள் இருக்கிற கல்லூரி விடுதியில் சிக்னல் சரியில்லை என்று நினைத்து வலது காதுக்கு மாற்றிக்கொள்வேன். பொழுது சாயும் நேரம் வரப்பில் நடந்தால் கால் வழுக்கும். செருப்புத் தேய்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினேன். சில்வண்டுச் சத்தம் வேறு. எங்கள் மலையில் சில்வண்டு கத்தாத நாள் உண்டா? அதனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அதே சில்வண்டு கத்தியது. அப்போதுதான் அது காட்டில் இல்லை, என் காதில் இருக்கிறது என்று தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் அக்காவை நான் நங்கை என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடு. நான் தடுமாறுவதைப் பார்த்து, "ரத்தம் பத்தாது உனக்கு, முருங்கைக்கீரை தின்னு" என்று சொல்லியிருந்தார். தின்றுகொண்டிருந்தேன்.

ஏணி சாய்ந்த பிறகு கீரை போதாது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

சேலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். என்னைவிட வயது குறைந்த பெண். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காது முறை வந்ததும் வெளியே கருவியை இயக்கிய பெண் என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

பிறகு ஸ்கேன். மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு மேல சின்னதா ஒரு கட்டி இருக்குங்க. அகூஸ்டிக் நியூரோமான்னு சொல்லுவோம். புற்றுநோய் இல்லைங்க, பயப்படாதீங்க. பொதுவா மெதுவாத்தான் வளரும். சில பேருக்கு வளராமயே இருக்கும். இப்ப இருக்கிற அளவுக்கு ஆபரேஷன் அவசரம் இல்லை. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். வளர்ந்திருந்தா அப்ப முடிவு பண்ணலாம்."

மூளை என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், இவ காட்டு வேலை செய்யறவ. குனிஞ்சு நிமிந்து பாரம் தூக்கினா கட்டி பெருசாவுமுங்களா?"

"வேலை செஞ்சா பெருசாகாது. செய்யலைன்னா சின்னதாவும் ஆகாது. ஆனா அந்தப் பக்கம் பேலன்ஸ் நரம்பு சரியா வேலை செய்யலை. உயரத்துல ஏறக் கூடாது, ஏணி பக்கம் போகக் கூடாது. கிணத்துல, ஓடையில தனியா இறங்கக் கூடாது. எச்சரிக்கையா இருக்கணும்."

நான் முழுவதையும் கேட்டேன். என் வீட்டுக்காரர் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

வீட்டுக்கு வந்த அன்றே என் அரிவாளை எடுத்துப் பரணில் போட்டார். நங்கை வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பிடுங்கினார்கள். ஆடு கத்தினாலும் நான் எழுந்து போகக் கூடாது. "படுத்திரு சாமி, ஆறு மாசந்தானே" என்று நங்கை நெற்றியைத் தடவிவிட்டுப் போவார். பாசம்தான். அந்தப் பாசத்துக்கு எதிரே என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பயம் இருந்தது. கட்டிலில் கிடந்தால் தலை சுற்றாது என்பதும் உண்மையாக இருந்தது.

முதலில் அப்படித்தான் இருந்தது. பங்குனி முடிவதற்குள், படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே அறை ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. பின்கட்டுக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். வாசலுக்கு வந்தால் தெருவில் நிற்பவர்கள் என் நடையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடித்தவள் போல நடக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. சும்மா கிடக்கிற நேரத்தில் காதுச் சத்தம் மட்டும்தான் துணை. அது கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். கவனிக்கக் கவனிக்க அது பெரிதாயிற்று.

ஒரு காலையில் முகம் கழுவக் கண்ணை மூடினேன். மூடிய கணமே பக்கவாட்டில் சரிந்து தொட்டி விளிம்பில் தோளை இடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்திருக்கும் வரைதான் நான் நிற்கிறேன் என்று அப்போது புரிந்தது. கட்டி வளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்தார். அன்று சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தார்.

"கெளம்பு. ஆறு மாசம் வரைக்கும் பொறுக்க வேண்டாம்."

டாக்டர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்த்தார். முகத்தில் இரு பக்கமும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு, "இப்ப ஸ்கேன் வேண்டாம். பக்கத்து அறையில பிசியோதெரபி பார்க்கிறவர் இருக்கார், அவர்கிட்ட போங்க" என்றார்.

அந்த மனிதர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "நாள் முழுக்க என்னம்மா பண்றீங்க?"

"படுத்திருக்கேனுங்க."

"அதான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். நிற்பதற்கும் நடப்பதற்கும் கண், கால், இரண்டு காதுக்குள்ளும் இருக்கிற நரம்பு எல்லாம் சேர்ந்து மூளைக்குச் சேதி சொல்கின்றன. என் இடது நரம்பு தப்பும் தவறுமாகச் சொல்கிறது. அதை நம்பாமல் மற்றவற்றை வைத்துச் சமாளிக்க மூளை பழக வேண்டும். அசைந்தால்தான் பழகும். கிடந்தால் பழகாது, இருக்கிற பழக்கமும் போகும். "கட்டியை இது ஒண்ணும் செய்யாதும்மா, கரைக்காது. நீங்க நிக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும்தான் இது" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆரம்பத்துல அதிகமாச் சுத்தும், வாந்தி வரும். பயந்து நிறுத்திடாதீங்க. சுத்தல் ரொம்ப நேரம் அடங்கலைன்னா அன்னைக்கு அதிகமாப் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், மறுநாள் குறைச்சுக்கணும்" என்றார்.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணை அதிலேயே வைத்து, தலையை இடம் வலம் ஆட்ட வேண்டும். சுவர் ஓரமாக நின்று, ஒரு காலின் விரலுக்கு முன்னால் மற்றக் காலின் குதிகால் படும்படி அடி வைத்து நடக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும், நடக்கும்போதே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு. முதல் நாள் காலையில் கட்டை விரலைப் பார்த்துத் தலையை ஆட்டியதும் விரல் இரண்டானது, பிறகு அலை அடித்தது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். காதுச் சத்தம் விசில் போல ஏறியது.

நங்கை மாரில் அடித்துக்கொண்டார். "தலையை இந்த ஆட்டு ஆட்டினா உள்ள இருக்கிற கட்டி ஒடஞ்சுறாதா?"

"ஒடையாதுங்க நங்கை."

"உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்? அவர்கள் சொன்னதுதான் தெரியும். மறுநாளும் செய்தேன். மறுநாளும் வாந்தி. நான்காவதோ ஐந்தாவதோ நாள் என் வீட்டுக்காரர் எதிரே வந்து நீட்டிய கட்டை விரலைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேண்டாம் விடு. பாக்க முடியல."

"பாக்காதீங்க. காட்டுக்குப் போங்க."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி நான் பேசியதில்லை. அவர் விரலை விட்டுவிட்டு வெளியே போனார்.  நான் அன்றைய பயிற்சியை முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

எந்த நாளில் வாந்தி நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. சுவரைத் தொடாமல் பின்கட்டுக்குப் போனேன். பிறகு பலாமரம் வரை. பிறகு தார் ரோடு வரை. ரோட்டில் நடந்தால் மூச்சு வாங்கும், காதில் சத்தம் ஏறும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மோர் குடிப்பதற்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஏறுகிற சத்தம் இறங்கும் என்று தெரிந்த பிறகு அதன் மேல் இருந்த பயம் பாதி போனது. எல்லா அசைவும் ஒன்றல்ல என்பதும் தெரிந்தது. ஒரு நாள் தைரியத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போனேன். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரு செடியை அடியோடு இழுத்தேன். இடக்காதுக்குள் அருவி கொட்டுகிறது போல இரைந்தது. மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. செடியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடப்பது சரி, மூச்சைப் பிடித்து இழுப்பது ஆகாது என்று எனக்கு நானே கண்டுகொண்டது அன்றுதான். பிறகு டாக்டரிடம் சொன்னபோது, "தம் கட்டற வேலை வேண்டாம்" என்று அவரும் சொன்னார். சாமைக் காட்டில் உட்கார்ந்தபடி களை எடுக்க முடிந்தது. வெயில் ஏறி உடம்பு அசந்துபோனால் மறுபடி நடை கோணும். அதற்கு முன்னால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆடி பிறந்து மழை ஆரம்பித்தது. அந்த மாதத்தில்தான் அது நடந்தது.

சாயங்காலம் கூட ஆகவில்லை. ரோட்டில் வழக்கமான தூரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளத்திலிருந்து மேகம் ஏறியது. எங்கள் ஊரில் அது புதிதில்லை. ஆனால் அன்று மரமும் மறைந்தது, ரோட்டோரக் கல்லும் மறைந்தது, கடைசியில் என் காலும் மங்கலாகத்தான் தெரிந்தது. எல்லாம் வெள்ளை. பார்த்து நிற்க ஒன்றுமில்லை என்றதும் உடம்பு மெல்லச் சாய ஆரம்பித்தது. நான் சாய்கிறேனா ரோடு சாய்கிறதா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் எது என்பது எனக்குத் தெரியும், ஆனால் நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதில் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது ஹாரன்.

மோட்டார் சைக்கிள் ஹாரன். முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? எனக்கு எல்லாச் சத்தமும் வலப் பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் வண்டி வலப் பக்கம் இருக்கிறது என்று நினைத்து இடப் பக்கம் விலகினேன். வண்டி இடப் பக்கம்தான் வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. என் சேலையை உரசிக்கொண்டு போய் வண்டி ரோட்டில் படுத்தது. பின்னால் கட்டியிருந்த பலாப்பழம் ஒன்று உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அது கீழே போகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

ஓட்டி வந்தவர் எழுந்தார். காலில் சிராய்ப்பு. வண்டியை நிமிர்த்திக்கொண்டே கத்தினார். "ஏக்கா, காது கேக்காதா உனக்கு?"

"ஒரு காது கேக்காதுங்க."

வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் கத்துவதை நிறுத்தினார். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தாரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

"ஊடு எங்கீங்கக்கா? ஏறுங்க, கொண்டுபோயி உட்டுர்றேன்."

"வண்டியில வேண்டாமுங்க. இந்த லைட்ட மட்டும் போட்டுக்கிட்டுக் கூட நடந்து வாங்க, போதும்."

வண்டியை இயங்கவிட்டு, விளக்கைப் போட்டு, அவர் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். அந்த வெளிச்சத்தில் ரோடு கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். வாசலில் டார்ச்சோடு கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் சேலையில் இருந்த சேற்றையும் அந்த ஆளின் காலில் இருந்த ரத்தத்தையும் பார்த்தார். அந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

"இனிமே ரோட்டுப் பக்கம் போனா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது" என்றார் பிறகு. "ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் ஊட்டுக்குள்ளயே இரு."

"ஊட்டுக்குள்ள இருந்தப்ப எப்படி இருந்தேன்னு நீங்கதானே பாத்தீங்க? செவுத்தப் புடிச்சுக்கிட்டுப் போனேன். மறுபடி அப்படி ஆவணுமா?"

"பள்ளத்துல போனது பலாப்பழம். நீயா இருந்தா?"

 அவர் திண்டாடுவது தெரிந்தது. மாசி மாதம் மரத்திலிருந்து நெஞ்சால் வழுக்கி இறங்கியவர் அவர். அப்போது கூட அவர் முகம் அப்படி இல்லை. நான்தான் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்து மைதானத்துல நடக்கறேன். காலையில, வெயில் வந்த பொறகு. மேகம் எறங்குனா போவல."

"நானும் வருவேன்."

"வாங்க."

வந்தார். நான் மைதானத்தைச் சுற்றி வருவேன், அவர் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கேன் எடுக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நடை சரியாகிவிட்டது, ஆனால் கட்டி என்ன செய்கிறது என்று நடையை வைத்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நன்றாக நடந்த நாளில்தான் எனக்கு அதிகப் பயம். உள்ளே அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தால் இவ்வளவும் எதற்கு என்று தோன்றும்.

ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது அது போட்ட தடதட சத்தம் முழுவதும் வலது காதில்தான் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் போட்டபோது அவர் என் கையைப் பிடிக்க வந்தார். வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன்.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். 

"வளரலைங்க" என்றார். "அதே அளவுதான். ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

"அப்ப நடந்ததாலதானுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அதால இல்லீங்க. கட்டி அது பாட்டுக்கு இருக்கு. நடந்ததால இவங்க நிக்கிறாங்க. இடது காதுல போன கேக்கற சக்தி திரும்ப வராது. காதுச் சத்தமும் இருக்கும். அடுத்த ஸ்கேன்ல என்ன வரும்னு இப்ப சொல்ல முடியாது. நடக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க."

மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் தொடங்கின. எழுபது வளைவு. எங்களைப் போல அடிக்கடி போகிறவர்களில் கூடப் பாதிப் பேர் அந்த ரோட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். நான் முன் இருக்கையின் கம்பியைப் பார்வையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை லேசாகத்தான் இருந்தது, சுற்றவில்லை.

பாதி மலை ஏறியிருப்போம். என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டி ஜன்னலுக்கு எக்கினார். அவருக்கு இந்த ரோட்டில் வாந்தி வந்து நான் பார்த்ததே இல்லை. குடலே வந்துவிடும் போல எடுத்தார், ஆனால் வெறும் தண்ணீர்தான் வந்தது. முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"காலையில என்ன சாப்புட்டீங்க?"

அவர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

"நேத்து?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். பையில் மகளுக்கென்று எடுத்து, கொடுக்க முடியாமல் போன வாழைப்பழம் இருந்தது. ஒன்றை உரித்துக் கொடுத்தேன். பஸ் அடுத்த வளைவில் திரும்பியபோது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவர் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அவர் பழத்தைச் சாப்பிட்டு முடித்து, என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். வளைவெல்லாம் முடிந்து, மலைமேல் நாங்கள் இறங்குகிற சோளக்காடு வந்த பிறகுதான் எழுப்பினேன்.